இரண்டு வாளிக் குப்பை

ஆஸ்பத்திரிச் சமையலறையில் என் அத்தானுக்கு, அக்கா வீட்டுக்காரருக்கு, 'இருட்டினப்புறம்' என்று பெயர். வைத்தவள் நான்தான். இருபத்திரண்டு வருடம் அங்கே தலைமைச் சமையல்காரராக இருந்தார். அவர் வைத்த சூப்பைக் குடித்துப் பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஆனால் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. "இருட்டினப்புறமா? உள்ளே அடுப்புகிட்ட இருப்பாரு, போங்க" என்பார்கள்.

சமையலறையில் குப்பைத் தொட்டி நிரம்பினால் மனுஷன் என்ன செய்வான்? பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவான். அத்தான் விடமாட்டார். காலை ஆறு மணிக்கு இருநூறு நோயாளிகளுக்கு உருளைக்கிழங்கு உரிப்போம். அந்தத் தோல், கோஸ் மட்டை, வெங்காயச் சருகு எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கழுவுகிற தொட்டிக்கு அடியில் அடுக்கச் சொல்வார். வெயில் காலத்தில் பத்து மணிக்கே அது புளிக்க ஆரம்பித்துவிடும். ஈ மொய்க்கும். யாராவது சாக்கைத் தொட்டால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "இருட்டினப்புறம்!" காலி டின்னாக இருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு டின்னிலும் ஆணியை வைத்து மேலே இரண்டு, கீழே இரண்டு ஓட்டை போட்ட பிறகுதான் சாக்குக்குள் போகும்.

மற்ற விஷயத்தில் அவரைப் போலச் சுத்தக்காரர் கிடையாது. நகத்தை ஒட்ட வெட்டுவார். கரண்டியைக் கழுவியது போதாதென்று முகர்ந்து வேறு பார்ப்பார். அப்படிப்பட்டவர் நாற்றச் சாக்குகளுக்கு நடுவே மூக்கைச் சுளித்துக்கொண்டே நாள் முழுக்க நிற்பார். எனக்கு அவருக்குக் கீழே காய் நறுக்குகிற வேலை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா?

"ஏன் அத்தான், பகல்ல கொட்டினா குப்பை கோவிச்சுக்குமா?"

"வாயாடி, கத்தியப் பாத்து நறுக்கு."

"டின்னுக்கு எதுக்கு ஓட்டை? மூச்சு விடவா?"

"விரல் போயிடும், சொல்லிட்டேன்."

இதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. டாக்டர்கள் சொல்லிப் பார்த்தார்கள். சுகாதார ஆபீசர் வந்து ஒரு தடவை கத்திவிட்டே போனார். அத்தான் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். சாக்கு அங்கேயே இருந்தது. கப்பலில் வேலை பார்த்தவர், ஏதோ கப்பல் பழக்கம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அது பழக்கம் இல்லை, பயம். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அது என் அக்காவின் காதுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே அவர் பதினாலு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார். அதற்குள்ளே இன்னொரு ரகசியமும் இருந்தது. இப்போது அவரும் இல்லை, அக்காவும் இல்லை. அக்கா போய் மூன்று வருடம் ஆகிறது. அதனால்தான் சொல்கிறேன். அவள் இருந்திருந்தால் என் நாக்கை இழுத்து வைத்து அறுத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவள் அக்கா, நடுவில் அண்ணன், கடைசி நான். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. அக்காதான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். என்னை வளர்த்தாள் என்று சொல்லலாம். அண்ணனை வளர்த்தாள் என்று சொன்னால் போதாது. அவன் தும்மினால் இவளுக்குக் காய்ச்சல் வரும். அவனுக்குச் சட்டை தைத்த பிறகு மீந்த துணியில்தான் எனக்குப் பாவாடை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, இன்றைக்கும் உண்டு, மறைப்பானேன்.

அத்தான் கப்பல் சமையல்காரர். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்திருந்தார். கல்யாணமானதும் அக்கா எங்களையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். எந்த மாப்பிள்ளை சம்மதிப்பான்? அத்தான் சம்மதித்தார். "ரெண்டு அறை இருக்கே, நான் வருஷத்துல பத்து மாசம் தண்ணியில, எனக்கு எதுக்கு?" என்றார். அண்ணன் வேலை வெட்டி இல்லாமல் கீழே சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தான். அக்காதான் அத்தானைப் பிடுங்கி எடுத்தாள்: "உங்க கப்பல்லயே எதாவது போட்டு விடுங்க. நீங்க கூட இருந்தா எனக்குக் கவலை இல்ல." அத்தான் முதல் இன்ஜினியரிடம் பேசி அவனைக் கொதிகலனுக்குக் கரி போடுகிறவனாகச் சேர்த்துவிட்டார். அப்போது நாட்டுக்கு நாடு சண்டை ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கப்பலுக்கு ஆள் கிடைக்காத காலம். கையும் காலும் இருந்தால் எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணனுக்கு அது இரண்டாவது பயணம். கோதுமை ஏற்றிக்கொண்டு ஆறு கப்பல் சேர்ந்து கிளம்பின. எங்களுடையது கிழட்டுக் கப்பல். மற்ற ஐந்தோடு ஓட முடியாமல் பின்தங்கி, மூன்றாம் நாளிலிருந்து தனியாகப் போனது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு நீர்மூழ்கிக் கப்பல் இரண்டு குண்டு விட்டது. ஒன்று தவறியது. மற்றொன்று கொதிகலன் அறை இருந்த பக்கத்தைப் பிளந்தது. கப்பலில் முப்பத்தொன்பது பேர். ஒரே ஒரு படகைத்தான் இறக்க முடிந்தது. அதில் பதினேழு பேர் ஏறி, ஆறு நாள் மிதந்து, ஒரு மீன்பிடிக் கப்பல் கண்ணில் பட்டுப் பிழைத்தார்கள். அத்தான் அந்தப் பதினேழில் ஒருவர். அண்ணன் மற்ற இருபத்திரண்டில்.

கம்பெனிக் கடிதம் முதலில் வந்தது. மூன்று வாரம் கழித்து அத்தான் வந்தார். மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டார். உதடெல்லாம் வெடித்துப் புண்ணாகி இருந்தது. அக்கா மேல்படியில் நின்றாள். "அவன் கீழே இருந்தான். என்னால அங்க போக முடியல" என்றார். அதற்கு மேல் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அக்கா இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தாள். "நீங்களாவது வந்தீங்களே" என்றாள். அந்த வார்த்தை அவரை எத்தனை வருடம் குத்தியது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அப்புறம் அவர் கடல் பக்கமே போகவில்லை. ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து என்னையும் சேர்த்துவிட்டார். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அக்காவுக்குக் குழந்தை இல்லை. அவள் வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரித் தலையணை உறைகள் தைப்பாள். தையல் மிஷினுக்கு மேலே அண்ணன் படம். தைத்துக்கொண்டே அவனைப் பற்றித்தான் பேச்சு. அவன் எவ்வளவு நல்லவன், எவ்வளவு கெட்டிக்காரன், யார் எதைச் சொன்னாலும் தட்டாமல் செய்வான். செத்தவர்களுக்கு எல்லா நல்ல குணமும் வந்துவிடுகிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்.

சண்டை முடிந்து எத்தனையோ வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் அந்தக் கப்பலில் மூன்றாம் ஆபீசராக இருந்தவர். இப்போது துறைமுக ஆபீசில் பெரிய வேலை. மாலுமிகள் சங்கக் கட்டடத்தில் செத்துப்போன இருபத்திரண்டு பேரின் பெயரையும் பொறித்து ஒரு கல் வைக்கப்போகிறார்கள், கப்பல் எப்படி மூழ்கியது என்று ஒரு விவரம் எழுதிப் படிக்கப்போகிறேன், குடும்பத்தோடு வாருங்கள் என்று எழுதியிருந்தார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. புடவையை எடுத்துப் பெட்டி போட ஆரம்பித்துவிட்டாள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு அன்னிக்கு வேலை இருக்கு" என்றார்.

"ஞாயித்துக்கிழமைங்க!" என்றாள் அக்கா.

"ஞாயித்துக்கிழமை நோயாளிங்க சாப்பிட மாட்டாங்களா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காய் வைக்கிற அறையில் அவரை மடக்கினேன். கதவுக்குக் குறுக்கே உருளைக்கிழங்கு மூட்டையை இழுத்துப் போட்டுவிட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். "அக்கா இத்தனை வருஷமா அவன் படத்தப் பாத்துப் பேசிட்டிருக்கா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ கூட வந்து உக்கார உங்களுக்கு வலிக்குதா? கூடப் போனவர் நீங்கதானே?"

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான், வாயாடி" என்றார். "கப்பலைக் காட்டிக் குடுத்தது நான்தான்."

பிறகு சொன்னார். சண்டைக் காலத்தில் கப்பலில் கண்டிப்பான உத்தரவு: பகலில் ஒரு துரும்பு கடலில் விழக் கூடாது. குப்பை மிதக்கும், நீர்மூழ்கிக்காரன் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுவான். இருட்டின பிறகு மொத்தமாகக் கொட்டினால் விடிவதற்குள் கப்பல் தொலைவுக்குப் போயிருக்கும். டின்னில் ஓட்டை போட்டால் தண்ணீர் ஏறி மூழ்கிவிடும். சமையல்காரர்தான் இதற்கெல்லாம் பொறுப்பு. அன்றைக்குச் சரியான புழுக்கம். முந்தின ராத்திரி கொட்டாமல் விட்டுப்போன கோஸ் மட்டையும் மீன் குடலும் இரண்டு வாளி நிறையச் சமையலறை வாசலில் நின்று அழுகிக்கொண்டிருந்தன. புழு வைத்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. இரண்டு வாளியையும் தூக்கிக் கடலில் கவிழ்த்துவிட்டார்.

"பச்சை மட்டை, ஒண்ணு பின்னால ஒண்ணா, கோடு போட்ட மாதிரி பின்னாடியே போச்சு" என்றார். "போயிட்டே இருந்துச்சு. இறங்கி அள்ளிட்டு வந்துடலாமான்னு இருந்துச்சு எனக்கு. அஞ்சு மணிக்கு வெடிச்சது."

என் அண்ணன். நாற்றம் பொறுக்கவில்லை என்று இந்த மனுஷன் கொட்டிய குப்பையால் என் அண்ணன் போனான். கன்னத்தில் ஒன்று விடலாமா என்று கை பரபரத்தது உண்மை. அதே சமயம் தொட்டிக்கு அடியில் அடுக்கியிருந்த சாக்குகள் ஞாபகத்துக்கு வந்தன. எத்தனை வருடமாக அந்த நாற்றத்தைத் தனக்குத் தானே தண்டனையாகக் கட்டி வைத்திருக்கிறார் என்று புரிந்தது. அதற்குப் பேர் வைத்துச் சிரித்தவள் நான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என் மூஞ்சியில முழிப்பாளா?"

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். மூன்றாம் ஆபீசரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடப்போவதாகவும், விவரத்தில் அதையும் எழுதட்டும் என்றும் சொன்னார். "தனியாப் போக கால் வரல. நீயும் வா." போனேன். கோபம் வேறு, அவர் தனியாகப் போவது வேறு.

துறைமுக ஆபீசில் மூன்றாவது மாடி. மேஜை முழுக்கக் காகிதக் கட்டு. மூன்றாம் ஆபீசர் எழுந்து வந்து அத்தானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இவரு படகுல ஆறு நாளும் பிஸ்கட்டைப் பதினேழாப் பிரிச்சாரு பாருங்க, ஒரு பொடி கூடவோ குறையவோ இருக்காது" என்று என்னிடம் சொன்னார். அத்தான் அதைக் காதில் வாங்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார். உத்தரவு, வாளி, மட்டை.

ஆபீசர் கடைசிவரை கேட்டார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "அட என்ன மனுஷன்யா நீ! இத்தனை வருஷமா இதையா சுமந்துட்டிருந்தே? ஒரு தடவை என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே!"

காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். சண்டை முடிந்ததும் எதிரி நாட்டுக் கடற்படையின் குறிப்பேடுகள் எல்லாம் இவர்கள் கைக்கு வந்துவிட்டன. நம் கப்பலை அடித்த நீர்மூழ்கியின் குறிப்பையும் தேடிப் பிடித்து, மொழிபெயர்த்து வாங்கி வைத்திருந்தார். வாசித்தார். காலை ஐந்து மணி நாற்பது நிமிஷம்: தொலைவில் கரும்புகை. தனிக் கப்பல். துரத்துகிறோம். பகல் பதினொன்று: கப்பலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டோம். காத்திருக்கிறோம். மாலை ஐந்து பத்து: இரண்டு குண்டு.

"புரியுதா? நீ குப்பை கொட்டினது மத்தியானம். அவன் பதினோரு மணிக்கே நமக்கு முன்னாடி போய் உக்காந்துட்டான். உன் கோஸ் மட்டையை அவன் கண்ணாலகூடப் பாக்கல. அது பின்னால போச்சு, அவன் முன்னால இருந்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தானைப் பார்த்தேன். அவர் முகம் தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை. இருந்த ரத்தமும் வடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

"புகையா?" என்றார்.

"ஆமா. நான்தான் அப்ப மேலே காவல்ல இருந்தேன். புகைபோக்கி கரேர்னு கக்குச்சு. பேசற குழாய்ல கீழே கத்தினேன், நிறுத்துங்கடான்னு. கால் மணி நேரம் ஆச்சு நிக்க."

"காலைல நாலுல இருந்து எட்டு."

"நாலு டு எட்டு. ஆமா."

நாலு மணிக்கு ரொட்டி சுடுவதற்காக அத்தான் எழுந்திருப்பார். அண்ணன் அதே நேரத்தில் கீழே வேலைக்கு இறங்குவான். காலை நாலிலிருந்து எட்டு, மாலை நாலிலிருந்து எட்டு, மூன்று பேர். இரண்டு பேர் அந்தக் கப்பலிலேயே பத்து வருடம் பழுத்தவர்கள். ஒருத்தன் புதுசு. புகை கிளம்பக் கூடாது என்பதும் கப்பலில் உத்தரவு. கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக, பரப்பிப் பரப்பிப் போட்டால் புகை வராது. இடுப்பு ஒடியும், ஆனால் புகை வராது. மொத்தமாக அள்ளிக் குவித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று நினைத்தால் கரும்புகை கிளம்பும். என் அண்ணனை எனக்குத் தெரியும். குழாயடியிலிருந்து இரண்டு நடை நடக்கச் சோம்பல் பட்டு, நாலு குடத்தை ஒன்றாகத் தூக்கி மாடிப்படி முழுக்கக் கொட்டுகிறவன் அவன்.

"எட்டு மணிக்கு மேல வந்தான்" என்றார் அத்தான், யாரிடமும் இல்லாமல். "சூடா ரொட்டி வாங்கிட்டுச் சிரிச்சான். 'மேலே இருந்து நல்லாக் கிழிச்சாங்க அத்தான், ஒரே தடவைல அள்ளிப் போட்டுட்டேன்'னான். நானும் சிரிச்சேன்."

ஆபீசர் அண்ணனை மறந்திருந்தார் போல. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், விவரத்துல புகைன்னு படிக்காதீங்க" என்றார் அத்தான்.

"உண்மை அதுதானேப்பா."

"புகைன்னு படிச்சா எந்த நேரம்னு கேப்பாங்க. நேரத்தைச் சொன்னா யாரு முறைன்னு கேப்பாங்க. கேக்கறதுக்கு என் பொண்டாட்டியும் அங்க இருப்பா. அவன் கூடக் கரி போட்ட அந்த ரெண்டு பேரு வீட்டுக்காரங்களும் இருப்பாங்க. குப்பைன்னு எழுதுங்க."

"பொய் எழுத மாட்டேன்."

"நான் கொட்டினது பொய்யா சார்?"

ஆபீசர் மசியவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் ஒப்புக்கொண்டார்: புகையைச் சொல்லமாட்டேன், குப்பையையும் சொல்லமாட்டேன், எப்படிக் கண்டுபிடித்தான் என்ற பேச்சையே எடுக்கமாட்டேன். வெளியே வந்ததும் நான் அத்தானைப் பிடி பிடியென்று பிடித்தேன். "விடுதலையாகி வந்திருக்கீங்க, சந்தோஷப்படத் தெரியாதா? அவன் செஞ்சதுக்கு நீங்க எதுக்குச் சிலுவை சுமக்கணும்?" அவர் படியிறங்கிக்கொண்டே இருந்தார். "அவளுக்கு இருக்கறதே அவன் ஞாபகம் ஒண்ணுதான். அதுல கை வைக்காதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். போதவில்லை. கல்லைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அக்கா முதல் வரிசை. அவளுக்கு ஒரு பக்கம் அத்தான், ஒரு பக்கம் நான். ஆபீசர் நாலு பக்கம் படித்தார். எழுதியிருந்தபடியே படித்தார், ஒரு வார்த்தை மீறவில்லை. அண்ணன் பெயர் வந்தபோது அக்கா என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்தார். கப்பலோடு போன தச்சனின் தாயார். எண்பது வயதிருக்கும். "எல்லாம் சரிப்பா. அவ்வளவு பெரிய கடல்ல, தனியாப் போன கப்பலை அவன் எப்படிக் கண்டுபிடிச்சான்? அதை நீ சொல்லலையே" என்றார்.

ஆபீசர் காகிதத்தைப் புரட்டினார். அதில் என்ன இருக்கப்போகிறது? தண்ணீர் குடித்தார். "அது வந்து..." என்றார். அவருக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை, சும்மா இருக்கவும் தெரியவில்லை. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

அத்தான் எழுந்தார்.

"நான்தாம்மா. நான் அந்தக் கப்பல் சமையல்காரன். பகல்ல குப்பை கொட்டக் கூடாதுன்னு உத்தரவு. நான் ரெண்டு வாளி கொட்டினேன். அது மிதந்துச்சு."

"எதுக்குப்பா கொட்டினே?"

"நாத்தம் தாங்கலம்மா."

"நாத்தம் தாங்கலையா" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ ஒருவன் பாய்ந்து வந்து அத்தானின் சட்டையைப் பிடித்தான். இரண்டு பேர் இழுத்தார்கள். ஆபீசர் ஏதோ சொல்ல எழுந்தார், அத்தான் அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டாள். எழுந்தாள். கல்லின் மேல் இருந்த துணியைக்கூட இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் அவள் தனியாக வெளியே நடந்து போனாள்.

எட்டு மாதம். எட்டு மாதம் அக்கா அத்தானிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், துணி துவைப்பாள், அவர் உள்ளே வந்தால் வெளியே போவாள். தையல் மிஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள், அவர் முகம் தெரியாதபடி. கூடப் பிழைத்த பதினாறு பேரில் நாலைந்து பேர் மாதம் ஒரு முறை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள், அவர்களும் நின்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் விஷயம் பரவி, என் வாயால் வைத்த பெயரை ஒருத்தரும் அப்புறம் சொல்லவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது.

ஒரு ரகசியத்தை ஒரு மணி நேரம் வைத்திருந்தால் எனக்கு நெஞ்செரிச்சல் வரும். எட்டு மாதம் வைத்திருந்தேன். அக்கா தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "அவரு காரணமில்ல அக்கா! உன் செல்லத் தம்பிதான்டி!" என்று கத்த வேண்டும் போலிருக்கும். அத்தான் அந்த நேரத்தில் என்னைப் பார்ப்பார். கண்ணால் கெஞ்சுவார். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன். அந்த எட்டு மாதத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரம் அவ்வளவு பளபளப்பாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அத்தான் வேலை முடிந்து வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா மிஷினை நிறுத்தினாள். எழுந்து வந்து அவருக்கு எதிரில் நின்றாள்.

"நான் யோசிச்சுப் பாத்துட்டேங்க" என்றாள்.

அத்தான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"நீங்க வேணும்னு செய்யல. கொலைகாரன் அந்த நீர்மூழ்கிக்காரன், நீங்க இல்ல. அவ்வளவு பேருக்கு முன்னாடி எழுந்து சொன்னீங்களே, மறைச்சிருக்கலாம், மறைக்கல. நான் மன்னிச்சுட்டேன். இனிமே இதைப் பத்திப் பேச வேண்டாம்."

அத்தான் கை கூப்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. பக்கத்திலிருந்த எனக்கு அது எதற்காக வந்த தண்ணீர் என்று சொல்லத் தெரியாது. ஆறுதலாகத்தான் இருக்க வேண்டும். செய்யாத குற்றத்துக்குக் கிடைத்த மன்னிப்பானாலும் அவருக்கு அது வேண்டியிருந்தது.

அக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க இடத்துல என் தம்பி இருந்திருந்தா அப்படிச் செஞ்சிருக்க மாட்டான். மேலே இருக்கறவங்க ஒண்ணு சொல்லிட்டா, இடுப்பு ஒடிஞ்சாலும் அதை அப்படியே செய்யறவன் அவன்."

"ஆமாம்மா" என்றார் அத்தான். "அவன் செஞ்சிருக்கவே மாட்டான்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். எட்டு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"நீ என்னடி வாயை மூடிட்டு நிக்கறே? எதுக்கெடுத்தாலும் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி வருவியே. நீயே சொல்லு, உங்கண்ணன் சொன்ன பேச்சைத் தட்டறவனா?"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா" என்றேன்.